புகையான்: கூட்டம் பெருகினால் குணம் மாறும்

பால் பிடிக்கும் தருணத்தில் பச்சைப் பசேலென்று நிற்கும் நெல் வயலில் ஒரு நாள் காலையில் வட்டமாக ஒரு மஞ்சள் திட்டு தெரிகிறது. நான்கைந்து நாட்களில் அது தீய்ந்து, வைக்கோல் நிறமாகிப் படுத்துவிடுகிறது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு வட்டங்கள் தோன்றுகின்றன. பிறகு வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கொள்கின்றன. நேற்று வரை ஒன்றும் இல்லையே, இரவோடு இரவாக எங்கிருந்து வந்தது என்பதுதான் புகையான் தாக்கிய வயலில் நின்று விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

இரவோடு இரவாக அது வரவில்லை. சம்பாப் பயிரில் நடவு செய்த 20, 25 நாட்களிலேயே வந்து, ஏறக்குறைய 60 நாட்களாக வயலிலேயே குடியிருந்திருக்கிறது. அந்த அறுபது நாளும் கண்ணில் படாமல் இருந்த பூச்சி, ஒரே வாரத்தில் வயலை எரித்துவிடுவது எப்படி என்பதை அறிந்துகொண்டால், எப்போது மருந்தடிக்க வேண்டும், எப்போது அடிக்கவே கூடாது என்பதும் விளங்கிவிடும்.

இருநூறில் இரண்டு

புகையான் என்பது அரிசி மணியைவிடச் சிறிய பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. இலையில் அதைத் தேடக்கூடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடிப்பாகத்தில், வெயில் படாத ஈரமான இடத்தில் இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. பெண் பூச்சி இலையுறையைக் கீறி அதற்குள் வரிசையாக முட்டைகளைச் செருகிவிடுகிறது. ஏழு முதல் ஒன்பது நாட்களில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் ஐந்து முறை தோலுரித்து, இரண்டு வாரங்களில் முழுப் பூச்சியாகிவிடும். ஆக, ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள். நீண்டகாலப் பயிரில் மூன்று தலைமுறைகள் தாராளமாக நடக்கும். குறுவையில் மூன்றாவது தலைமுறை முற்றுவதற்குள் அறுவடை வந்துவிடுவதும் உண்டு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் பூச்சி 200 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி பெண். இருநூறில் இரண்டே இரண்டு மட்டும் பிழைத்து வளர்ந்தால், தாய்க்குப் பதில் ஒரு மகள். எண்ணிக்கை கூடாது, குறையாது. இருநூறில் நான்கு பிழைத்தால் ஒரு தாய்க்கு இரண்டு மகள்கள். மூன்று தலைமுறையில் எட்டு. இருநூறில் இருபது பிழைத்தால் ஒரு தாய்க்குப் பத்து மகள்கள். மூன்று தலைமுறையில் ஆயிரம். அதே அளவு ஆண் பூச்சிகளும் சேர்ந்தால் இரண்டாயிரம்.

இதை வயலில் பொருத்திப் பார்த்தால் விபரீதம் புரியும். 20-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் 33 குத்துகள் இருக்கும். தொடக்கத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு தாய்ப்பூச்சி இருந்ததாகக் கொண்டால், முதல் கணக்கில் கடைசியிலும் ஒன்றுதான். இரண்டாவது கணக்கில் இரண்டு குத்துக்கு ஒரு பூச்சி, தேடினால்தான் தெரியும். மூன்றாவது கணக்கில் குத்துக்கு 60 பூச்சிகள். தூருக்கு நான்கு என்ற அளவைத் தாண்டிய அந்த வயல் தப்பாது.

மூன்று கணக்குகளிலும் 200 முட்டைகளில் 180-க்குக் குறையாமல் அழிந்துதான் போயிருக்கின்றன. வித்தியாசமெல்லாம் மிச்சம் பிழைத்தவை இரண்டா, இருபதா என்பதில்தான் இருக்கிறது. அந்த இரண்டை இருபதாக்குவது எது என்று பார்ப்பதே புகையான் பற்றிய பாடத்தில் பாதி.

பிழைப்பைக் கூட்டுவது எது?

முதலாவது, பயிரே. அளவுக்கு மீறித் தழைச்சத்து இட்ட பயிரின் சாறு பூச்சிக்கு நல்ல ஊட்டம். அப்படிப்பட்ட பயிரில் அது அதிக முட்டையிடுகிறது. குஞ்சுகளும் அதிகம் பிழைக்கின்றன. கரும்பச்சையாகத் தழைத்து, ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு நிற்கும் பயிரின் அடியில் வெயிலும் காற்றும் புகாது. எப்போதும் நீர் தேங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக யூரியாவைக் கூட ஒரு கை போடும் பழக்கம் இந்தப் பூச்சிக்கு விருந்து வைப்பதாகவே முடிகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இருநூறில் 198-ஐத் தின்று தீர்ப்பவர்கள் வயலிலேயே இருக்கிறார்கள். நீர்மட்டத்தில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி தத்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பச்சை நிறமான சிறு மிரிட் நாவாய்ப்பூச்சி, இலையுறைக்குள் இருக்கும் முட்டையைக்கூட மூக்கால் குத்தி உறிஞ்சிவிடும். கண்ணுக்கே புலப்படாத சிறு குளவிகள் புகையானின் முட்டைக்குள் தம் முட்டையை வைத்து அதை அழிக்கும். தண்ணீரின் மேல் ஓடும் பூச்சிகளும், பொறிவண்டுகளும் உண்டு. கூலி கேட்காத ஆட்கள் இவர்கள்.

நடவு செய்த 30, 40 நாளில் இலைச் சுருட்டுப்புழுவுக்கோ தண்டுத் துளைப்பானுக்கோ, அல்லது வெறும் முன்னெச்சரிக்கையாகவோ ஒரு மருந்து அடிக்கப்படுகிறது. சிலந்தி செத்தது; மிரிட் செத்தது; வெளியே இருந்த தத்துப்பூச்சியும் செத்தது. ஆனால், இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரத்தில் குஞ்சுகள் வெளியே வரும்போது எதிரியே இல்லாத வயல் காத்திருக்கிறது. இரண்டு இருபதானது இப்படித்தான்.

இதோடு நிற்கவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செல்லையா, ஹெயின்ரிக்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் செய்து 1980-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சில மருந்துகள் தெளித்த பயிரில் வளர்ந்த புகையான் கூடுதலாகச் சாறு உறிஞ்சி, கூடுதலாக முட்டையிடுவது தெரியவந்தது. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் இதில் பேர்போனவை. கொல்லாத அளவில் படும் மருந்து, பூச்சிக்கு டானிக் போல ஆகிவிடுகிறது. அதே நிலையத்தில் பீட்டர் கென்மோர் என்பவர் செய்த வயல் ஆய்வுகளும், மருந்தடிக்காத வயலில் இயற்கை எதிரிகளே புகையானைக் கட்டுக்குள் வைத்திருந்ததையும், மருந்தடித்த வயலிலேயே அது பெருகியதையும் எடுத்துக்காட்டின.

கூட்டம் முடிவு செய்கிறது

பெருக்கம் வெறும் எண்ணிக்கையோடு நின்றிருந்தால் கூட சமாளித்துவிடலாம். பெருக்கம் ஒரு அளவைத் தாண்டியதும் பூச்சியின் நடத்தையே மாறிவிடுகிறது என்பதுதான் இதில் வியப்பு.

முழு வளர்ச்சியடைந்த புகையானில் இரு வகை உண்டு. ஒன்று நீண்ட இறக்கை உடையது; காற்றோடு நெடுந்தூரம் பறக்கக் கூடியது. மற்றது குட்டை இறக்கை உடையது, பறக்க முடியாது. வயிறு பருத்து, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நிறைய முட்டையிடும். வயலுக்கு முதலில் வந்து சேர்பவை நீண்ட இறக்கைப் பூச்சிகள். இளம் பயிர், நல்ல சாறு, நெருக்கடி இல்லை என்ற நிலையில் அவற்றின் மக்களில் பெரும்பாலானவை குட்டை இறக்கையோடு வளர்கின்றன. பறக்கத் தேவையில்லை அல்லவா? இறக்கைக்குச் செல்ல வேண்டிய சத்தெல்லாம் முட்டைக்குப் போகிறது. மகள்களும் பேத்திகளும் தாய் இருந்த குத்தையும் அடுத்த குத்துகளையும் விட்டு நகர்வதில்லை. ஆகவேதான் புகையான் வயல் முழுவதும் ஒரே சீராகப் பரவாமல், இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு என்று பெருகுகிறது.

ஒரு குத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருக்கும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்து, பயிரும் முதிர்ந்து சாறு மாறத் தொடங்கினால் கதை மாறுகிறது. அந்த நெருக்கடியில் வளரும் குஞ்சுகள் நீண்ட இறக்கையோடு வெளிவருகின்றன. தாய் ஒன்றுதான், பரம்பரைக் குணம் ஒன்றுதான். கூட்டத்தின் அளவும், பயிரின் நிலையும்தான் எந்த இறக்கை என்று முடிவு செய்கின்றன. குஞ்சின் உடலில் இன்சுலினுக்குச் செயல்படும் இரண்டு வாங்கிகள் இந்த முடிவுக்குத் திறவுகோலாக இருக்கின்றன என்று சீன விஞ்ஞானிகள் 2015-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். மனிதனுக்குச் சர்க்கரை நோயில் பேசப்படும் அதே இன்சுலின் இனத்தைச் சேர்ந்த பொருள்தான், இங்கே ஒரு பூச்சி பறக்குமா, பறக்காதா என்பதில் தலையிடுகிறது.

அடுப்பில் ஏற்றாத பானைத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். தீ எரிய எரியக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்துக்குப் பின் உலை முழுவதுமே சுழன்று கொதிக்கத் தொடங்கிவிடும். எந்தத் துளியும் மற்றத் துளிக்குக் கட்டளை இடுவதில்லை. அடியில் தீ எரியும் வரை அந்தச் சுழற்சி நிற்காது. வயலும் அப்படிப்பட்ட பானைதான். உரமும் நீரும் வெயிலும் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கின்றன, பயிர் வளர்கிறது, அதைத் தின்னும் பூச்சியும் வளர்கிறது. இந்த வளர்ச்சி ஒரு வரம்பைத் தாண்டும்போது, தனித்தனியாக இருந்த பூச்சிகள் ஒரு படைபோல் நடந்துகொள்கின்றன. படைக்குத் தலைவன் யாரும் இல்லை.

வயலில் தெரியும் வட்டமும் இப்படித்தான் உண்டாகிறது. நடுவில் உள்ள குத்து சாறு வற்றிக் காய்ந்தால், அங்கே இருக்கும் குஞ்சுகளுக்குப் பட்டினி. அவை பக்கத்தில் பச்சையாக உள்ள குத்துக்கு நகர்கின்றன. ஒவ்வொன்றும் செய்வது அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானவை ஒரே சமயத்தில் அதைச் செய்யும்போது, தீ பரவுவது போல வட்டத்தின் விளிம்பு வெளிநோக்கி நகர்கிறது. விளிம்பில் உள்ள குத்துக்குச் சொந்தப் பூச்சிகளோடு, உள்ளிருந்து வந்த பூச்சிகளும் சேர்கின்றன. அதனால் முதல் குத்து காய எடுத்துக்கொண்ட நாட்களைவிட, அடுத்த குத்துகள் வெகு சீக்கிரம் காய்கின்றன. இரவோடு இரவாக வந்தது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

வெட்டுக்கிளியிலும் இதே போன்ற மாற்றம் உண்டு. தனியாக வாழும் சாதுவான பாலைவன வெட்டுக்கிளியும், படையெடுத்து வரும் வெட்டுக்கிளியும் வெவ்வேறு இனம் அல்ல. நெருக்கம் கூடினால் ஒன்று மற்றதாக மாறுகிறது என்ற கருத்தை 1921-இல் உவரோவ் என்ற விஞ்ஞானி வெளியிட்டார். 2020-இல் ராஜஸ்தானுக்கு வந்த படை இந்த இனமே. அதே ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் கூட்டமாக இருந்தவற்றைக் கண்டு மக்கள் அஞ்சியபோது, அது பாலைவன வெட்டுக்கிளி அல்ல என்று வேளாண் அதிகாரிகள் பார்த்துச் சொன்னார்கள். கூட்டமாக இருப்பதெல்லாம் படை ஆகிவிடாது.

நாடுகள் கற்ற பாடம்

ஜப்பானில் குளிரைத் தாங்கி உயிர்வாழ இந்தப் பூச்சியால் முடியாது. ஆயினும் ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் தெற்கிலிருந்து வீசும் காற்றோடு கடல் தாண்டி அங்கே வந்து இறங்குகிறது. 1732-இல் மேற்கு ஜப்பானில் ஏற்பட்ட பெரும் பஞ்சத்துக்குத் தத்துப்பூச்சிகளே காரணம். அந்நாட்டு விவசாயிகள் வயல் நீரில் திமிங்கில எண்ணெயைத் தெளித்து, பயிரைத் தட்டிப் பூச்சியை அதில் விழச் செய்து கொன்றார்கள்.

நமக்கு அண்மையில், கேரளத்தின் குட்டநாட்டில் 1973, 74-ஆம் ஆண்டுகளில் புகையான் பெருஞ்சேதம் விளைவித்தது. அதே 1973-இல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26 ரகம் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பல நாடுகளில் அந்த ரகத்தைத் தின்னப் பழகிய புகையான் தோன்றிவிட்டது. 1976-இல் வந்த ஐ.ஆர்.36 அதைவிட அதிக காலம் தாக்குப்பிடித்தது. அதற்கும் முடிவு வந்தது. தலைமுறைக்கு நான்கு வாரம் என்ற வேகத்தில் பெருகும் ஒரு பூச்சிக்கு, புதிய ரகத்தைப் பழகிக்கொள்ள நெடுங்காலம் தேவைப்படுவதில்லை. மருந்து விஷயத்திலும் இதுவே நடந்தது. ஒரு காலத்தில் கைகண்ட மருந்தாக இருந்த இமிடாகுளோபிரிட், 2005-ஆம் ஆண்டு வாக்கில் சீனாவில் புகையானிடம் பலிக்காமல் போனது.

இந்தோனேசியா வேறு வழியில் சென்றது. அங்கே அரசு மானியம் கொடுத்து மருந்தை மலிவாக விற்றது. விவசாயிகள் தாராளமாகத் தெளித்தார்கள். புகையானும் தாராளமாகப் பெருகியது. 1986-இல் அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ, நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைப் பயன்படுத்தத் தடைவிதித்தார். மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு நிறுத்தப்பட்டது. விவசாயிகளுக்கு வயலிலேயே சிலந்தியையும் தத்துப்பூச்சியையும் எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். மருந்துச் செலவு குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை.

வயலில் செய்ய வேண்டியவை

நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி வீதம் பட்டம் விட்டு நட வேண்டும். ஒரு அடி இடம் வீணாகிறதே என்று தயங்க வேண்டியதில்லை. பட்டத்தின் ஓரக் குத்துகள் நன்றாகத் தூர் கட்டும். அடிப்பாகத்தில் வெயிலும் காற்றும் புகும். பின்னால் மருந்தடிக்க நேர்ந்தாலும் பயிரை மிதிக்காமல் உள்ளே சென்று தூரில் படும்படி அடிக்கலாம். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்ட வேண்டும். நடவு செய்த முதல் 40 நாட்களுக்கு, இலையில் சிறிது சேதம் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடாமல் இருப்பது மிக நல்லது. அந்த வயதில் பயிர் இலைச் சேதத்தை ஈடுகட்டிக்கொள்ளும். சிலந்தியை இழந்தால் ஈடுகட்ட முடியாது.

வாரம் ஒருமுறை வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் புகையான் தெரியவே தெரியாது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடந்து, இடையிடையே குத்துகளைச் சாய்த்துத் தூரைத் தட்டினால் பூச்சிகள் நீரில் விழும். தூருக்கு ஒரு பூச்சி என்ற கணக்கை எட்டினால் நடவடிக்கை தேவை. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பதினைந்து தூர் உள்ள குத்தில் சிலந்தி இல்லாவிட்டால் 15, இருந்தால் 30. எட்டுக்கால் பூச்சி ஒன்றின் விலை, குத்துக்கு 15 தத்துப்பூச்சி!

எண்ணும்போது இறக்கையையும் கவனிப்பது நல்லது. குட்டை இறக்கைப் பூச்சிகள் மிகுதியாக இருந்தால், பெருக்கம் இனிமேல்தான் இருக்கிறது என்று பொருள். இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். வளர்ந்தவை பெரும்பாலும் நீண்ட இறக்கையாக மாறிவிட்டிருந்தால், அவை புறப்படத் தயாராகிவிட்டன. அந்த நேரத்தில் அடுத்த வயலில் இளம் பயிர் நின்றால் ஆபத்து அங்கே போகிறது. ஒரே மடையில் பாயும் வயல்களில் இரண்டு மூன்று வாரத்துக்குள் எல்லோரும் நடவை முடித்துவிட்டால், இப்படி வயலுக்கு வயல் தாவிக்கொண்டே போக இடம் இராது.

அளவு தாண்டிவிட்டால் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. நீர் வடிந்து தூரில் காற்றாடினாலே குஞ்சுகளின் பெருக்கம் மட்டுப்படும். தொடக்க நிலையில் ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கிச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். அதற்கும் மீறிப் போனால் பைமெட்ரோசின் போன்ற, புகையானுக்கென்றே உள்ள மருந்தை ஏக்கருக்கு 120 கிராம் வீதம் பயன்படுத்தலாம். எந்த மருந்தானாலும் தூரின் அடியில் பட வேண்டும். இலை மேல் அடித்தது வீண். வட்டம் விழுந்துவிட்ட வயலில், காய்ந்த நடுப்பகுதியில் அடிப்பதில் பயன் இல்லை. பூச்சி அங்கே இல்லை. வட்டத்தின் விளிம்பிலும், அதைச் சுற்றிப் பச்சையாக உள்ள ஏழெட்டு அடி அகலத்திலும் முதலில் அடிக்க வேண்டும். பைரித்ராய்டு வகை மருந்துகளைப் பூட்டைப் பருவத்துக்கு முன்னும் பின்னும் நெல்லில் தொடவே வேண்டாம். கடையில் கலந்து தரும் இரண்டு மூன்று மருந்துக் கலவையில் அது இருக்கிறதா என்று டப்பாவின் மேல் உள்ள பெயரைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

விளக்குப்பொறி வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். விளக்குக்கு வருவது நீண்ட இறக்கைப் பூச்சி மட்டுமே. குட்டை இறக்கை தூரிலேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே விளக்கில் விழும் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நிம்மதி அடையக்கூடாது. நடவுக்குப் பின் முதல் மாதத்தில் விளக்கில் புகையான் விழத் தொடங்கிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால், அதிலிருந்து நான்காவது வாரத்திலும் எட்டாவது வாரத்திலும் தூரைத் தட்டிப் பார்க்க வேண்டிய நாட்கள் தெரிந்துவிடும்.